ஓடுகிற ஆற்றில் எட்டுச் சில்லு: முதல் தடவை இறக்குபவர்களுக்கு

நான் யாழ்ப்பாணத்தான். மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் ஆறு என்று சொல்ல எதுவும் இல்லாத இடம். நீந்தப் பழகியது கிணற்றில். அப்படிப்பட்ட ஒருவன் கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்குக்கு வந்து, எட்டுச் சில்லு வாகனம் ஒன்றை ஆற்றில் இறக்கும்போது என்னென்ன பிழை விடுவான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பாதியை நானே விட்டிருக்கிறேன். இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து காட்டுப்பக்கம் போகிற எங்கள் ஆட்கள் கூடிவிட்டார்கள். வாகனம் வாடகைக்குக் கிடைக்கிறது, பழையதாக வாங்கவும் முடிகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாகனத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தரையில் ஓடி, அப்படியே தண்ணீரில் இறங்கி மிதந்து, மறுபடி கரையேறுகிற சாதி இது. கனடாவில் ஆர்கோ என்றால் எல்லாருக்கும் தெரியும். நியூ ஹாம்பர்க் என்ற சிற்றூரில் 1967 முதல் செய்கிறார்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, பக்கத்துக்கு நான்கு கொழுத்த ரயர், உள்ளே எஞ்சின். மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்களும் சதுப்புக்கு அப்பால் கொட்டில் வைத்திருப்பவர்களும் வைத்திருப்பார்கள்.

தண்ணீரில் தள்ளுவதற்குத் தனி விசிறி கிடையாது. ரயரில் புடைத்து நிற்கிற ரப்பர்க் கட்டைகள்தான் துடுப்பு. அதனால் தண்ணீரில் அதன் வேகம் மணிக்கு 4 அல்லது 5 கி.மீ. கரையில் விரைந்து நடக்கிற ஒருவர் அதை முந்திவிடுவார். ஆளுயரத்துக்குக் கிட்ட ரயர் வைத்த ஷேர்ப் என்ற பூதம்கூடத் தண்ணீரில் மணிக்கு 6 கி.மீ. என்றுதான் சொல்லிக்கொள்கிறது.

இப்போது ஆற்றைப் பாருங்கள். வினாடிக்கு ஒரு மீற்றர் ஓடுகிற தண்ணீர் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். ஆனால் அது மணிக்கு 3.6 கி.மீ. அதாவது வாகனத்தின் பலம் முழுவதையும் ஏறக்குறைய விழுங்கிவிடுகிற வேகம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று எங்கள் ஆட்கள் சொல்லிவைத்தது சரிதான், ஆனால் மிதக்கிற வாகனத்துக்கு ஆழம் பெரிய பிரச்சினை இல்லை. வேகம்தான் பிரச்சினை. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். என்னைப் பழக்கிய அண்ணை ஒருவர் முதல் நாளே கேட்டார்: "தம்பி, பிறேக்கைப் பிடிச்சால் சில்லு நிக்கும். ஆறு நிக்குமோ?"

முதலில் ஒரு குளம்

ஆற்றுக்குப் போகுமுன் ஓட்டமில்லாத குளத்தில் ஒரு முழு நாள் செலவழியுங்கள். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். குளத்தில் பார்க்க வேண்டியது மூன்று விஷயம்.

ஒன்று, சுமை. வாகனத்தின் கையேட்டில் தரைக்கு ஓர் அளவும் தண்ணீருக்கு அதைவிடக் குறைந்த ஓர் அளவும் இருக்கும். தரையில் ஆறு பேர் ஏறக்கூடிய வாகனத்தில் தண்ணீரில் நான்கு பேர்தான். இந்தக் கணக்கில் குளிர்ப்பெட்டி, பெற்றோல் கலன், நாய் எல்லாம் சேரும். ஆற்றுக்குக் கொண்டுபோகப்போகிற முழுச் சுமையோடும் குளத்தில் இறங்கி, தொட்டியின் மிகத் தாழ்ந்த விளிம்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே கையை விரித்து வைத்துப் பாருங்கள். ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால் நான் சாமானை இறக்கிவிடுவேன். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் சாமானை முன்னுக்கு நகர்த்துவேன்.

இரண்டு, திரும்புவது. இந்த வாகனத்தில் முன்சில்லு திரும்பாது. வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கச் சில்லுகளின் ஓட்டம் பிடிபடும், இடப்பக்கம் தள்ளும். தரையில் இது சட்டென்று நடக்கும். தண்ணீரில் ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் தள்ளுகிற பலத்தில் பாதி போய்விடும், முகமோ மெதுவாகத்தான் வரும். ஆகவே சிறிதாக, முன்கூட்டியே திருப்பி, உடனே விட்டுவிடப் பழகுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்று, திறாட்டில், அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி. கூட்டினால் கூட்டின அளவுக்கு வேகம் வராது. ஓரளவுக்கு மேலே ரயர் தண்ணீரைக் கடைந்து உள்ளே தெறிக்க வைக்கும், அவ்வளவுதான். எந்த இடத்தில் சத்தம் கூடி வேகம் கூடாமல் நிற்கிறது என்பதைக் காதால் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கை

இதற்குத் தனித் தலைப்பு வைக்கக் காரணம் இருக்கிறது. தொட்டியின் அடியில் உள்ள தண்ணீரை வடிக்க ஓட்டை இருக்கும், அதற்குத் தக்கை இருக்கும். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல் படகுகளைத் தெருவால் கொண்டுபோகும்போது தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஓர் ஏரியின் சிப்பியும் பாசியும் இன்னோர் ஏரிக்குப் போகக்கூடாது என்பதற்காக. நாங்களும் அந்தப் பழக்கத்தைத்தான் வைத்திருக்கிறோம். நல்ல பழக்கம். ஆனால் கழற்றின தக்கையை மறுபடி பூட்ட வேண்டுமே.

எனக்கு நடந்தது ஒரு மே மாதம். நான்கு மணி நேரம் ஓடிவந்த களைப்பு, கூட வந்தவர்களின் அவசரம். தண்ணீரில் பத்து மீற்றர் போனதும் சப்பாத்துக்குள் குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன், சாப்பாட்டுப் பை மிதக்கிறது. தக்கை என் காற்சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. நல்லகாலம், அது ஓட்டமில்லாத ஒரு மூலை. பின்னோக்கி எடுத்துக் கரையேறிவிட்டோம். அன்றிலிருந்து தக்கையை வாகனச் சாவியோடு ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். சாவியை எடுத்தால் தக்கையும் கையில் வரும்.

உள்ளே தண்ணீர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். உட்தளம் 2.4 மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம் என்று வையுங்கள். ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 120 லீற்றர், அதாவது 120 கிலோ. ஏறாத ஒன்றரை ஆள். அதுவும் ஓரிடத்தில் இருக்காத ஆள்: வாகனம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய் இன்னும் சரிக்கும். ஆகவே அடித்தண்ணீர் பம்ப் வேலை செய்கிறதா என்று புறப்படுமுன் ஒரு வாளி தண்ணீரை உள்ளே ஊற்றி ஓடவிட்டுப் பாருங்கள். பம்பின் வாயில் இலையும் சேறும் அடைத்திருக்கும், அதை விரலால் துழாவி எடுக்க வேண்டும். பம்ப் இருந்தாலும் கையால் இறைக்க ஒரு வாளி வேண்டும். சில்லு அச்சு தொட்டிக்குள் நுழைகிற இடங்களில் உள்ள சீல்களுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் தக்கை பூட்டியும் தண்ணீர் வரும்.

ரயரின் காற்றும் இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது. கார் ரயருக்கு முப்பது பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் அடிக்கிற இடத்தில் இதற்கு ஒற்றை இலக்கம்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் வாகனம் அந்தப் பக்கம் தாழும், நேராகவும் போகாது.

உடம்பில் என்ன, கையில் என்ன

லைஃப் ஜக்கெற் எல்லாரும் போட்டு, இறுக்கிப் பூட்டியிருக்க வேண்டும். சீற்றுக்கு அடியில் வைத்திருப்பதை லைஃப் ஜக்கெற் என்று சொல்வதில்லை. விசில் அதிலேயே கட்டியிருக்கட்டும். 15 முதல் 20 மீற்றர் மிதக்கும் கயிறு அடைத்த எறிபை ஒன்று, கயிறு அறுக்க ஒரு கத்தி, இரண்டு துடுப்பு. கைத்தொலைபேசி தண்ணீர் புகாத பையில், உங்கள் உடம்பில், வாகனத்தில் அல்ல.

தண்ணீரில் இறங்குமுன் சீற் பெல்ட்டைக் கழற்றுங்கள். தரையில் உயிரைக் காப்பது தண்ணீரில் கட்டிப்போடும். மழைக்காகப் போட்ட கூரைத்துணி, பக்கத்துத் திரை எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டுங்கள். கவிழ்ந்தால் அது கூடு.

வடக்கில் ஏப்ரல், மே மாத ஆறு என்றால் உருகின பனி. மனிரோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த தண்ணீரில் தானே இறங்கி ஆராய்ச்சி செய்த மனிதர். அவர் பரப்பின கணக்கு 1-10-1: விழுந்ததும் திக்குமுக்காடுகிற மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னதைக் கேட்கிற காலம் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம் அளவில். அந்த முதல் நிமிடத்தில் ஜக்கெற் இல்லாதவருக்கு மற்ற இரண்டு எண்ணும் தேவைப்படாமல் போகலாம்.

கரையில் அரை மணி நேரம்

வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கி நடவுங்கள். முதல் வேலை வேகத்தை அளப்பது. கரையோரமாக 20 மீற்றர் அடியளந்து, மேலே ஒரு சுள்ளியை நடு ஓட்டத்தில் எறிந்து, கீழே வர எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். நாற்பது வினாடியோ அதற்கு மேலோ என்றால் மணிக்கு 1.8 கி.மீ.க்கு உள்ளே, புதியவர்கள் யோசிக்கலாம். இருபது வினாடியில் வந்துவிட்டால் அது ஏறக்குறைய வாகனத்தின் வேகம். அன்றைக்கு மீன் பிடியுங்கள். இந்த நாற்பது வினாடி என் சொந்த எல்லை. வேகமாக ஓடுகிற தண்ணீரில் இறக்க வேண்டாம் என்பது வாகனம் செய்கிறவர்களின் சொல்.

பிறகு கீழ்ப்பக்கம் நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடிப்போகிற பக்கத்தைக் கீழ் என்றும், அது வருகிற பக்கத்தை மேல் என்றும் சொல்கிறேன். நீங்கள் கடக்கிற இடத்தைவிட அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. எஞ்சின் நடுவில் நின்றால் ஆறு உங்களை எங்கே கொண்டுபோய் விடும்? அகன்று அமைதியாகக் கிடக்கிற மடு என்றால் சரி. வளைவு, பாறை, இரைச்சல், அணை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கரையிலிருந்து ஆற்றுக்குள் சரிந்து கிடக்கிற மரம். அதன் கிளைகளுக்குள்ளால் தண்ணீர் வடிகட்டியில் போவதுபோலப் போய்விடும். மனிதர் போக முடியாது. ஓட்டம் ஆளை அதில் ஒட்டவைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். இப்படி மரங்கள் பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கத்தில் சேரும், ஏனென்றால் ஓட்டம் அங்கேதான் வேகம், அங்கேதான் கரையை அரிக்கும். வளைவின் உட்பக்கம் மெதுவாக, ஆழமில்லாமல், மணலாக இருக்கும்.

மேற்பரப்பையும் வாசிக்கலாம். தண்ணீர் ஆப்பு வடிவில் வழுவழுப்பாகக் கீழ்நோக்கிக் கூராகினால் இரண்டு கல்லுக்கு இடையே நல்ல வழி. கூர்முனை மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் ஒரு கல் ஒளிந்திருக்கிறது.

இறங்குகிற இடத்தை வைத்து ஏறுகிற இடத்தைத் தேடாதீர்கள். முதலில் அக்கரையில் சரிவாக, உறுதியாக, ஓட்டம் ஓய்ந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தவறவிட்டால் கீழே இன்னொன்று இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

கடப்பது

நேராக அக்கரையைப் பார்த்து ஓட்டினால் என்ன? ஆறு 60 மீற்றர் அகலம், வாகனம் மணிக்கு 4 கி.மீ., ஓட்டம் 2 கி.மீ. என்று வையுங்கள். கடக்க 54 வினாடி ஆகும், அதற்குள் 30 மீற்றர் கீழே இழுபட்டிருப்பீர்கள். அதே வாகனத்தின் முகத்தை 30 பாகை மேல்நோக்கி வைத்தால் 62 வினாடியில், நேர் எதிரே போய்ச் சேர்வீர்கள். எட்டு வினாடி அதிகம், முப்பது மீற்றர் மிச்சம். முகம் எப்போதும் கொஞ்சம் மேல்நோக்கி, இதுதான் வித்தை முழுவதும்.

சாய்வைக் கண்ணால் எப்படிப் பிடிப்பது? கடலுக்குப் போகிறவர்கள் பனையையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்து இடம் பிடிப்பார்களே, அதேதான். அக்கரை ஓரத்தில் ஒரு கல், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மரம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு போங்கள். கல் மரத்தைவிட்டு மேல்பக்கமாக விலகுவதுபோலத் தெரிந்தால் நீங்கள் கீழே இழுபடுகிறீர்கள். முகத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

சின்னக் கியரில், மெதுவாக இறங்குங்கள். செங்குத்தான கரையில் வேகமாக இறங்கினால் மூக்கு மூழ்கித் தண்ணீர் முன்னாலேயே ஏறும். எல்லாரும் அமர்ந்து, பாரம் கீழே, கை விளிம்புக்கு உள்ளே. யாரும் எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது. இதை ஏன் எழுத வேண்டியிருக்கிறது என்று கேட்காதீர்கள்.

மிக ஆபத்தான இடம் ஆழமான நடு ஆறு அல்ல. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்போமே, அந்த நிலைதான். முழங்கால் முதல் இடுப்பளவு ஆழத்தில் வாகனம் பாதி மிதக்கும், பாதி தரை தட்டும். ரயருக்குப் பிடி இல்லை. ஆனால் கீழ்ப்பக்க ரயர் ஒரு கல்லில் தட்டுப்பட்டால், மேல்பக்கத்திலிருந்து தண்ணீர் தள்ள, அந்தக் கல்லே தடுக்கிவிடுகிற காலாக மாறும். ஆழமில்லாத அகன்ற பரப்பைப் பார்த்து இது சுகம் என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கல் நிறைந்த ஆழமில்லாத ஓட்டத்தைவிட, மெதுவான ஆழமான நீட்டே எனக்குப் பிடிக்கும்.

ஏறும்போது இன்னொரு பொறி. மூக்கு கரையைப் பிடித்துவிடும், வால் இன்னும் ஓட்டத்தில் இருக்கும். ஓட்டம் வாலைக் கீழே சுழற்றிவிட்டால் வாகனம் கரையோடு பக்கவாட்டில் ஒட்டும். கரைப்பக்கச் சில்லு மேலே ஏற, ஆற்றுப்பக்க விளிம்பு தாழ்ந்து தண்ணீரை அள்ளும். இதனால்தான் ஓட்டம் ஓய்ந்த மூலையில் ஏறச் சொன்னேன். மூக்கு தட்டியதும் தயங்காமல், அதே சின்னக் கியரில் சீராகத் தள்ளி ஏறிவிடுங்கள். ஏறும்போது பின்பக்கம் தாழும். அமர்ந்தபடியே எல்லாரும் முன்னுக்குச் சாயட்டும்.

ஏதாவது பிழையாகப் போனால்

எஞ்சின் நின்றால் நங்கூரம் போடாதீர்கள். ஓட்டத்தில் கயிறு இறுகினால் கட்டின பக்கத்தைத் தண்ணீருக்குள் இழுக்கும். மிதக்கிறவரை வாகனத்திலேயே இருங்கள், துடுப்பை எடுத்து அடுத்த ஓய்ந்த மூலைக்கு ஒதுக்குங்கள்.

பாறையில் பக்கவாட்டாக ஒட்டப்போகிறது என்றால் எல்லாரும் பாறைப்பக்கம் சாய வேண்டும். மனம் சொல்வது இதற்கு நேரெதிர்: பாறையைக் கண்டதும் விலகி மேல்பக்கம் சாயத் தோன்றும். அப்படிச் சாய்ந்தால் மேல்பக்க விளிம்பு தாழ்ந்து ஆறு உள்ளே வரும். கரையில் நிற்கும்போதே "பாறைப்பக்கம்!" என்று கத்தி இரண்டு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

வாகனம் நிறைந்துவிட்டது, விடத்தான் வேண்டும் என்றால் மேல்பக்கத்தால் இறங்குங்கள். கீழ்ப்பக்கத்தில் இருந்தால் வாகனத்துக்கும் பாறைக்கும் இடையே நசிவீர்கள். தண்ணீரில் மல்லாந்து, கால்கள் கீழ்நோக்கி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய மிதவுங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயல வேண்டாம். கால் கல்லிடுக்கில் சிக்கினால் ஓட்டம் ஆளைக் குப்புற அழுத்திவிடும். பிட்டம் தரையில் தட்டுகிற அளவுக்கு ஆழம் குறைந்த பிறகு எழும்பலாம். சரிந்த மரத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால் மட்டும் திரும்பி, தலை முன்னால், வேகமாக நீந்திப் போய் மரத்தின் மேலே ஏறப் பாருங்கள். அடியால் போகக் கூடாது.

கயிறு எறிந்தால் கையில் சுற்றாதீர்கள். தோளுக்கு மேலாகப் பிடித்து மல்லாந்திருங்கள். கரையில் நிற்பவர் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டவே கூடாது. காப்பாற்றப் பாய்கிறவர் இரண்டாவது ஆபத்து. முதலில் கம்பை நீட்டுவது, முடியாவிட்டால் கயிறு எறிவது. வாகனத்தை விஞ்ச் என்ற கம்பி சுற்றி இழுக்கிற கருவியால் இழுப்பதெல்லாம் தலைகளை எண்ணி முடித்த பிறகு.

அக்கரை போனபின்

உடனே தக்கையைத் திறந்து எவ்வளவு வடிகிறது என்று பாருங்கள். ஒரு குவளை என்றால் தெறித்தது. ஒரு வாளி என்றால் எங்கோ ஒழுகுகிறது, திரும்பி வருமுன் கண்டுபிடிக்க வேண்டும். பிறேக் நனைந்திருக்கும், முதல் நூறு மீற்றர் மெதுவாக. மீன் முட்டையிடுகிற கூழாங்கல் படுகையில் சில்லை ஓட்டாதீர்கள். மீன் வாழிடத்தைக் குலைப்பது கனடாவின் மீன்வளச் சட்டப்படி குற்றம்.

அப்புறம், தண்ணீர் விளிம்பில் ஒரு சுள்ளியை நட்டு வையுங்கள். காலையில் கடந்த ஆறு பின்னேரம் அதே ஆறாக இருக்காது. பகல் வெயிலில் பனி உருகும். மேலே மின்நிலைய அணை இருந்தால் எந்த நேரமும் திறப்பார்கள், ஒன்ராறியோவில் அப்படி ஆறுகள் நிறைய. திரும்பி வரும்போது சுள்ளி நான்கு விரலுக்குத் தண்ணீருக்குள் நின்றால், மறுபடி இருபது மீற்றர் அளந்து வினாடி எண்ணுங்கள். கணக்குச் சரிவராவிட்டால் அந்தப் பக்கமே இரவு தங்க வேண்டியதுதான். அதற்காகத்தான் எங்கள் சாமானில் ஒரு தார்ப்பாயும், தண்ணீர் புகாத டப்பாவில் தீப்பெட்டியும், கொஞ்சம் அரிசி பருப்பும் எப்போதும் இருக்கும். இரண்டு தடவை பொங்கிச் சாப்பிட்டிருக்கிறோம்.